லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் கழற்றிய பாகங்கள்

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதுவது. உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் மருமகளும் சௌக்கியம்.

மூன்று வயதாகியும் என் மகளுக்குப் பேச்சு வரவில்லை என்றதற்கு, "அப்பன் உம்மணாமூஞ்சி, பிள்ளை எப்படிப் பேசும்" என்று நீ போனில் சொன்னாய். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் மக்கர் செய்தால் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்ப்பேன். எதைக் கழற்றியதும் சரியாகிறதோ, கோளாறு அதில்தான். அதே கணக்கில் டிவியைப் பரணில் ஏற்றினேன், பேசவில்லை. பொம்மைகளையும் ஏற்றினேன், பேசவில்லை. மிச்சம் இருந்தது என் கொழுந்தியாள். மனைவிக்கு வெளியூரில் வேலை என்பதால் அவள்தான் எங்களோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். மூச்சு விடாமல் பேசுவாள், நடுவில் குழந்தை எப்படி வாயைத் திறக்கும் என்று அவளை விடுதிக்கு அனுப்பிவிட்டேன். அதிலிருந்து மனைவி என்னோடு பேசுவதில்லை. போன் செய்து, குழந்தையிடம் கொடு என்பதோடு சரி. இவள் பேசமாட்டாள், அவள் என்னிடம் பேசமாட்டாள், மூன்று பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறோம்.

டாக்டரம்மா சோதித்துவிட்டுக் காது நன்றாகக் கேட்கிறது என்றார். கழற்றிய கதையைச் சொன்னேன். "இது லிஃப்ட் இல்லீங்க. சில பிள்ளைக்குக் காதுல குறை இருக்கும், சில பிள்ளைக்கு மூளை வளர்ச்சியே வேற மாதிரி இருக்கும், சிலருக்கு ஏன்னு கடைசிவரை தெரியாது. யார் மேலயும் தப்பில்ல. பயிற்சி கொடுப்போம். ஆனா சுத்தி பேச்சு இருக்கணும். நீங்க அதைத்தானே கழட்டிட்டீங்க?" என்றார்.

இப்ப நானே பேசிப் பாக்கறேன்க்கா. எனக்கு என்ன பேசத் தெரியும்? மோட்டார், பிரேக்குன்னு சொல்றேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு ஜன்னல் பக்கம் போயிடறா. சாயங்காலம் ஆனா வீடு பயமா இருக்கு. அதுக்காக நானா போய் யாரையும் கூப்பிடமாட்டேன். எனக்கும் மரியாதை இருக்கு. நீதான் பெரியவளா என் பெண்டாட்டிக்கும் கொழுந்தியாளுக்கும் நாலு வார்த்தை சொல்லி, அவங்களே இறங்கி வர்ற மாதிரி செய்யணும்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் உன் மருமகள் கட்டிலுக்கடியிலிருந்து சித்தியின் பழைய செருப்பை இழுத்து வந்து, குட்டிக் காலில் மாட்டிக்கொண்டு வாசற்கதவைத் தட்டுகிறாள். ஒரு சொல் இல்லை, ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. விடுதிக்குக் கிளம்பிவிட்டோம். நீ யாரிடமும் எதுவும் பேசவேண்டாம். கொழுந்தியாள் வாசலில் நிறுத்தித் திட்டினால் திட்டட்டும், இவள் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.