கதவைத் தட்டாமல் ஓடியவன்

வேலைக்கு விண்ணப்பம் போடும்போது எல்லோரும் எதையாவது கூட்டித்தான் எழுதுகிறார்கள். சிலர் மதிப்பெண்ணில் கை வைப்பார்கள், சிலர் அனுபவத்தில். நான் பொழுதுபோக்கில் வைத்தேன்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து வந்து எண்ணூரில் தெருத் தெருவாக விற்கிறார். விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று வீட்டில் யாரைக் கேட்பது? தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தோஸ்து ரபீக்கிடம் போனேன். எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முடித்தவன், பொழுதுபோக்கு என்ற இடத்தில் நின்றான்.

“இங்க இன்னா மாமு போடறது?”

“கிரிக்கெட்.”

“அத்த அல்லாரும் போடறான். கெத்தா இருக்கட்டும், மலையேற்றம்னு போடறேன்.”

“நான் எந்த மலைடா ஏறுனேன்?”

“வள்ளூர்ல சாம்பல் மேட்டுல ஏறல? தகரத்த போட்டு சறுக்கிக்கினு வரல? அது இன்னா, மலை இல்லியா?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. (அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்டிவைத்த மேடு அது. மூன்று ஆள் உயரம் இருக்கும். வாட்ச்மேன் துரத்துவார் என்பதால் வேகமாக இறங்கவும் பழக்கம் உண்டு.)

பெருங்குடியில் நேர்முகத் தேர்வு. என்னைக் கேள்வி கேட்ட வசந்தி மேடம் அந்த நிறுவனத்தின் மனிதவள மேலாளர். விடுமுறை கிடைத்தால் மலைக்குக் கிளம்பிவிடுகிறவர் என்பது எனக்குத் தெரியாது. பொழுதுபோக்கு வரியில் அவர் விரல் வந்து நின்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

“எங்கெல்லாம் ஏறியிருக்கீங்க?”

“வடக்குப் பக்கம் மேடம்.”

அவர் இமயமலை என்று எடுத்துக்கொண்டார். வீடு எங்கே என்று கேட்டார். பீச் பக்கம் என்றேன். பெசன்ட் நகர் என்று எடுத்துக்கொண்டார். இரண்டையும் நான் திருத்தவில்லை. அன்றிலிருந்து ஆறு மாதம், பாடப்புத்தகம் வாசிக்கிறவன் போல அலுவலகத்தில் தமிழ் பேசினேன். ‘கீது’ என்று வாய் திறந்தால் பாதியிலேயே இருமி, ‘இருக்கிறது’ என்று முடிப்பேன். எனக்கு ஆஸ்துமா என்று சிலர் நம்பினார்கள்.

ஆறாவது மாதம் அலுவலகச் சுற்றுலா வந்தது. பந்தலூர் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கம் தேடி மலையைக் குடைந்து பார்த்துவிட்டு, போட்ட காசுகூடத் தேறாமல் போனார்களாம். அவர்கள் விட்டுப்போன சுரங்கங்களைச் சுற்றித்தான் இப்போது நடைபாதை, கூடாரம், கயிற்றில் தொங்கி ஓடையைத் தாண்டும் விளையாட்டு எல்லாம். ‘பன்னிரண்டு மாதமும் கொண்டாட்டம்’ என்றது விளம்பரம். கோடையில் மலையேற்றம், குளிரில் கூடாரம், மழையில் அருவி. நாங்கள் போனது ஆடி மாதம். அப்போது அங்கே கொண்டாடிக்கொண்டிருந்தவை அட்டைகள்.

“நம்ம எக்ஸ்பர்ட்தான் டீமை நடத்தப் போறார்” என்று மேடம் அறிவித்துவிட்டார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, “நீங்க எப்படி நடத்துறீங்கன்னு பார்த்துட்டு, திரும்பி வந்ததும் உங்களை நிரந்தரம் பண்ற கடிதத்துல கையெழுத்துப் போடுறேன்” என்றார். இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா மறுநாளே, மீன் வாங்கும் அத்தனை வீடுகளிலும் ‘பையன் பர்மனென்ட்’ என்று சொல்லிவிட்டு வந்தார்.

மொத்தம் பதினெட்டு பேர். வழிகாட்டியாக உள்ளூர்க்காரர் குமார் வந்தார். நான் முன்னால் நடந்தேன், அதாவது குமாருக்குப் பின்னால், அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து. நண்பகலுக்குச் சற்று முன் ஒரு சுரங்க வாயை அடைந்தோம். “உள்ள தண்ணி நிக்குதான்னு பாத்துட்டு வர்றேன்” என்று குமார் டார்ச்சோடு நுழைந்தார். மேடம் ஒரு பாறையில் உட்கார்ந்து, ஒரு ஷூவைக் கழற்றி, காலில் ஒட்டிய அட்டை மீது உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஓடைக்கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சுரங்கத்துக்குள் தலையை நீட்டினேன். குப்பென்று ஒரு வாடை மூக்கைக் குத்தியது.

எனக்குத் தெரிந்த வாடை, அமோனியா. எங்கள் பக்கம் சுற்றிலும் ஆலைகள். அதனால் அ, ஆவுக்கு முன்பே பிள்ளைகளுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இந்த வாடை வந்தால் துணியை நனைத்து மூக்கில் கட்டு. காற்றுக்குக் குறுக்கே ஓடு. ஓடுகிற வழியில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டே ஓடு. மூன்றாவதுதான் அம்மாவுக்கு முக்கியம். “கதவ தட்டாத ஓடறவன் மனுசனே கெடையாது” என்பார்.

நான் தலையை வெளியே இழுத்த நேரம், மேலிருந்து வெள்ளையாக ஒன்று தரையோடு தரையாக உருண்டு வந்தது. அதே நேரம் எங்கோ ஒரு சங்கு நீளமாக அலறியது. வாடை, புகை, சங்கு. எண்ணூரில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் தந்தி அடிக்க வேண்டாம்.

மேடம் அப்போதுதான் தண்ணீர் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார். அதை வெடுக்கென்று பிடுங்கினேன். என் துண்டில் மொத்தத்தையும் கொட்டி, முகத்தில் கட்டிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே பக்கவாட்டில் மேடேறி ஓட ஆரம்பித்தேன்.

நாற்பது அடி இருக்கும். அதுவரை எனக்கு வேறு யார் ஞாபகமும் வரவில்லை. பிறகுதான் திரும்பிக் கத்தினேன்.

“யோவ், கேஸு லீக்காயிடிச்சி. துணிய நனச்சி மூஞ்சில கட்டு. காத்துக்குக் குறுக்கால ஓடியா. இன்னாத்துக்கு பராக்கு பாத்துக்கினு நிக்கிற?”

ஆறு மாதம் இருமி இருமி அடக்கிய தமிழ் அத்தனையும் அந்தப் பள்ளத்தாக்கில் எதிரொலித்தது. எக்ஸ்பர்ட்டே ஓடுகிறார் என்றதும் மற்றவர்களும் ஓடினார்கள். கணக்குப் பிரிவு சீனிவாசன் சார் கைக்குட்டையை ஓடைக்கரைப் புல்லில் அழுத்தி நனைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். மேலே வந்து அவிழ்த்தபோது மீசைக்குத் துணையாக அட்டை ஒன்று தொங்கியது.

மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களையும் நான் விடவில்லை. “ஓடுங்கம்மா, கேஸு” என்றேன். ஒரு அக்கா கூடையை இறக்காமலே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அது மூடுபனி தம்பி. இன்னும் கொஞ்ச நேரத்துல வெயில் வந்துரும்.”

“சங்கு ஊதுச்சே?”

“டீ பேக்டரி சங்கு. சோத்து நேரம். நாங்களும் அதுக்குத்தான் கெளம்புறோம்.”

“வாடை அடிக்கிதே?”

பதில் பின்னாலிருந்து வந்தது. “வவ்வால் எச்சம்ணே. நூறு வருசமா உள்ள கெடக்கு” என்றார் குமார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் மட்டும் ஷூவோடு மேடம் ஏறி வந்துகொண்டிருந்தார். என் எதிரே வந்து நின்று கையை நீட்டினார்.

“பாட்டில்.”

காலி பாட்டிலைக் கொடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு எடையுள்ள பொருள் எதையும் நான் தூக்கியதில்லை.

“இதுக்கு முன்னாடி எங்க மலை ஏறியிருக்கீங்க?”

“வள்ளூர், மேடம்.”

“அது எந்த மாநிலம்?”

“மீஞ்சூர் பக்கம் மேடம். சாம்பல் மேடு.”

“வீடு?”

“எண்ணூர்.”

“எண்ணூர்னு சொன்னா வேலை தரமாட்டேன்னு நினைச்சீங்களா?”

ஆமாம் என்பதும் வெட்கம், இல்லை என்பது அதைவிட வெட்கம். முகத்திலிருந்த துண்டை இன்னும் நான் அவிழ்க்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

நிரந்தரக் கடிதம் வரவில்லை. இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று ஒரு தாள் வந்தது. கூடவே ஆரஞ்சு நிற மேல்சட்டை, ஒரு விசில். எங்கள் மாடியின் தீ பாதுகாப்புப் பொறுப்பாளன் நான். ஒத்திகையில் எல்லோரையும் இறக்கிவிட்டு, கடைசி ஆளாக இறங்க வேண்டும். அந்த விதிக்கு அடியில் மேடம் தன் கையால் கோடு போட்டிருந்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா லாரிச் சாவியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வேலையைப் பற்றியும் கேட்கவில்லை.

“எத்தினி பேர இஸ்துக்கினு ஓடுன?”

“மொதல்ல தனியாத்தாம்மா.”

“அந்தம்மா தண்ணிய புடுங்கிக்கினு?”

“ஆமா.”

அம்மா உலையைப் பார்க்கப் போய்விட்டார். அடித்திருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து வேலை நிரந்தரமானது. ஆனால் வீட்டில் எனக்கு நிலைத்த பெயர் வேறு. வறுத்த மீனில் நடுத்துண்டை நான் எடுத்தால், “கதவ தட்டாதவன் எத்துக்கினான் பாரு” என்பார் அப்பா. ரபீக் வந்தால் வாசலில் நின்று மூன்று முறை தட்டிவிட்டு, “மாமு, இப்டித்தான் தட்டணும்” என்று கற்றுக்கொடுப்பான்.

போன மாதமும் ஒத்திகை நடந்தது. அறுபது பேரையும் எண்ணி இறக்கி, கழிப்பறைக் கதவுகளைக்கூட ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாக இறங்கினேன். அன்று மாலை மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் நின்றேன்.

“இன்னிக்கி அல்லாரையும் எறக்கிட்டு கடைசியா நாந்தாம்மா எறங்குனேன்.”

அம்மா மீன் துண்டைத் திருப்பிப் போட்டார்.

“மணி அடிக்கும்னு உனுக்கு முன்னாலயே தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப அது செல்லாது.”