உப்புக்கு மனுப் போட்ட காட்டெருமை

ஒரு காட்டில் உப்புப் பாறை ஒன்று இருந்தது. யார் வந்து நக்கினாலும் அது ஒன்றும் சொல்லாது. இந்தப் போக்கு அந்தக் காட்டுச் சிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. பாறையைச் சுற்றி முள்வேலி போட்டு, முன்னால் ஒரு கவுண்டர் திறந்து, இனி எந்தப் பொருளையும் வேதிப்பெயரும் வாய்பாடும் எழுதித்தான் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. கவுண்டர் வேலை முள்ளம்பன்றிக்குக் கிடைத்தது. பேனாவுக்குப் பஞ்சமில்லாத விலங்கு அது ஒன்றுதான்.

இரண்டு மலை தாண்டி வெள்ளைக்காலி என்ற காட்டெருமை இருந்தாள். அவளுடைய கன்றுக்கு உப்பு இல்லாமல் கால் நிற்கவில்லை. படுத்த இடத்திலேயே கிடந்து மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. பாவம், மண்ணில் என்ன இருக்கும்? வெள்ளைக்காலி கொளுத்துகிற வெயிலில் இரண்டு மலையும் ஏறி இறங்கி, "கன்றுக்கு உப்பு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தாள்.

"எந்த உப்பும்மா?" என்றது முள்ளம்பன்றி. "வேதியியல்ல உப்பு ஆயிரம் இருக்கு. மயில்துத்தம்கூட உப்புதான். அதைக் குடுக்கட்டுமா, உன் பிள்ளை தாங்குமா?"

"சமையலுக்குப் போடுவாங்களே, அந்த உப்புங்க."

"அப்படி ஒரு பேரு புத்தகத்துல இல்ல."

அக்கம்பக்கத்தில் விசாரித்து, மறுநாள் "சோடியம் குளோரின்" என்று எழுதி வந்தாள். முள்ளம்பன்றி தலையில் அடித்துக்கொண்டது. "குளோரின் தனியா இருக்கும்போதுதான் குளோரின். சோடியத்தோட சேர்ந்துட்டா குளோரைடு."

"சேர்ந்தா பேரு மாறிடுமாங்க?"

"பின்னாடி வர்றவருக்கு மட்டும் மாறும். போய் வாய்பாட்டோட வா."

மூன்றாம் நாள், கவுண்டருக்கு எதிரே மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கும் குரங்கிடம் போனாள். குரங்கு Na என்று தொடங்கியது.

"சோடியத்துல இந்த எழுத்தெல்லாம் எங்க இருக்கு?"

"லத்தீன்ல இருக்காம்."

"லத்தீன் எந்தக் காட்டுல இருக்காரு?"

"தெரியாது. ஆனா எல்லா உத்தரவும் அவர் பேர்லதான் வருது. உப்பு எத்தனை பேருக்கு?"

"கன்னுக்கும் எனக்குமா ரெண்டு பேருக்கு." குரங்கு யோசிக்காமல் இரண்டு எழுத்துக்கும் கீழே சின்னதாக ஒரு 2 போட்டது: Na₂Cl₂.

முள்ளம்பன்றி அதைத் திருப்பி எறிந்தது. "சோடியம் ஒரு எலக்ட்ரான் குடுக்கும், குளோரின் அதை வாங்கும். கணக்கு அங்கேயே முடிஞ்சுபோச்சு. NaCl, அவ்வளவுதான். ரெண்டு பங்கு வேணும்னா 2-ஐ முன்னாடி பெருசாப் போடணும். கீழ போட்டா பொருளே வேற. அப்படி ஒரு பொருள் உலகத்துலயே இல்ல. இல்லாத பொருளுக்கு நான் எங்க போவேன்?"

நான்காம் நாள் வெள்ளைக்காலி தன் கையாலேயே 2NaCl என்று எழுதிக் கொடுத்தாள். முள்ளம்பன்றி மூன்று தடவை பார்த்தது. தப்புக் கிடைக்காத வருத்தத்தில் கேட்டது: "கட்டியாவா, கரைசலாவா? அதுக்குத் தனி மனு."

வெள்ளைக்காலி மனுவை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பினாள். வீடு வந்து கன்றின் பக்கத்தில் தொப்பென்று விழுந்தாள். நான்கு நாள் வெயிலில் எட்டு நடை நடந்த வியர்வை அவள் முதுகில் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. கன்று மெல்ல நகர்ந்து வந்து அதை நக்கியது. நிறுத்தவே இல்லை. விடிந்து பார்த்தால் நான்கு காலில் நின்றுகொண்டு நக்கியது.

மனுதாரர் வராவிட்டால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஐந்தாம் நாள் முள்ளம்பன்றி புத்தகத்தோடு வந்து சேர்ந்தது.

"முதுகுல என்னம்மா வெள்ளையா?"

நான்கு நாள் படிப்பு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. "சோடி..." என்று வாயைத் திறந்தவள் அதன் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். 'அனுமதியின்றி வேதிப்பொருள் வைத்திருத்தல். பொருளும், அது இருக்கும் இடமும் பறிமுதல்' என்று போட்டிருந்தது. பொருள் இருக்கும் இடம் அவள் முதுகு.

"அழுக்குங்க" என்றாள்.

"அழுக்கா? வாய்பாடு சொல்லு."

"எனக்கென்னங்க தெரியும்? நான் படிக்காதவ."

முள்ளம்பன்றி புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டியது. அழுக்கு என்பது கலவை. கலவைக்கு வாய்பாடு கிடையாது. வாய்பாடு இல்லாமல் படிவத்தை நிரப்ப முடியாது. நிரப்பாத படிவத்தை வைத்து யார் முதுகையும் எடுத்துப்போக முடியாது.

சந்தேகத்துக்குத் தானும் ஒருமுறை நக்கிப் பார்த்தது. பிறகு இன்னொரு முறை நக்கியது. ஏழாவது தடவைக்குப் பிறகு, "அழுக்குதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாளும் ஆய்வு தேவைப்படுகிறது என்று கீழே ஒரு வரி சேர்த்தது.

நீதி: வேதியியலை ஒழுங்காகப் படியுங்கள். அப்போதுதான் எதைத் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்பது தெரியும்.