எர்த்து அண்ணாத்தயும் என் திருட்டு அலாரமும்

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே மனுஷனை மதிக்காமல் மண்ணை மட்டும் மதித்த ஒரே ஆசாமி எர்த்து அண்ணாத்ததான். நிஜப்பெயர் யாருக்கும் தெரியாது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வரும் எலக்ட்ரீஷியன். உலகத்துக் கோளாறுகள் எல்லாவற்றுக்கும், மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்து சரியில்லாததுதான் காரணம் என்பார். எங்கள் விடுதிச் சமையல்காரருக்கு ஜலதோஷம் என்றபோதும், செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நிற்கச் சொன்னார்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் மாமல்லபுரம் பக்கம் ஒரு கடற்கரை விடுதியில் மேனேஜர். மதில் முழுக்கத் திருட்டு அலாரம். இரண்டு மழைக்காலத்தில் இரண்டு முறை இடி விழுந்து அதை இயக்கும் பேனல் பெட்டி கருகியது. “இன்னொரு வாட்டி போச்சுன்னா நீங்களும் கிளம்பிடுங்க” என்றார் முதலாளி. சிரிக்கவில்லை. மகளைப் பள்ளியில் சேர்த்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேறு வழியில்லாமல் இந்தக் கிறுக்கனைக் கூப்பிட்டேன்.

முன்பு ஒருவன் மின்னலைத் தடுக்க ஒரு டப்பா மாட்டியிருந்தான். அதன் பச்சை எர்த்து ஒயரைப் பிடித்துக்கொண்டு அண்ணாத்த தவழ்ந்தே போனார். ஒயர் ஜன்னல் கம்பியில் முடிந்தது.

“இன்னா சார் இது? மின்னலு ஜன்னலாண்ட குந்திகினு காத்து வாங்குமா?”

“பன்னிரண்டு வோல்ட் அலாரம்தானேய்யா, இதுக்கு ஏன் இந்த அலட்டல்?”

“‘நீ எத்தினி வோல்ட்டு’னு கேட்டுகினா மின்னலு உள்ள பூரும்?”

மெயினை அணைத்தார். பேனலின் பேட்டரியையும் கழற்றினார். டெஸ்டரால் மூன்று முறை பார்த்தார். என்னமோ ராக்கெட் விடுகிற மாதிரி! வெளி ஒயர்கள் கட்டடத்துக்குள் நுழைகிற இடத்திலேயே புது டப்பா. பச்சை ஒயரை அழகாகச் சுருட்டி மறைக்கச் சொன்னால் வெட்டியே போட்டார்.

“சுத்தி வுட்டா வேலைக்கு ஆவாது. குட்டையா, நேரா, கட்டடத்து எர்த்துக்கே போணும்.”

வரவேற்பறைச் சுவரின் நடுவில் பச்சைக் கோடு. வருகிற விருந்தாளியெல்லாம் அது என்ன என்று கேட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். வாசல் தென்னையில் இடி இறங்கியது. சைரன் ஒருதரம் வீறிட்டு நின்றது. போச்சு, வேலை போச்சு! ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஓடி, புகைகிற டப்பாவில் கை வைக்கப் போனேன்.

“கைய எடுடா டேய்!”

வாசலில் எர்த்து அண்ணாத்த, தொப்பலாக நனைந்து. அதுவரை என்னை ‘டா’ போட்டதில்லை. சட்டையைப் பிடித்து இழுத்து, என் இரண்டு கையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“மேகம் கட்டினப்பவே தெரியும், நீ சொம்மா இருக்க மாட்டேன்னு. அதான் பஸ்ஸு புடிச்சேன். பொட்டி போனா வேற பொட்டி கீது. உனுக்கு?”

இடி ஓய்ந்து, மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் திறந்தார். டப்பா கரிக்கட்டை. பேனலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. என் வேலை பிழைத்தது. அவர் பஸ் ஏறும்வரை என்னைத் திட்டித் தீர்த்தார்.

அந்தக் கிறுக்கனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவர் இருந்தபோதே ஒருநாளாவது அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.