சத்தம் வெளியே போகாத அறை

உலகத்தில் அவர் சொன்னால் கேட்கிறவர்கள் இருந்தார்கள். 'நிறுத்து' என்றால் நிறுத்துவார்கள். 'இடது பக்கம் ஒடி' என்றால் ஒடிப்பார்கள். கேட்காமல் போனாலும் பாதகமில்லை, டிரைவிங் ஸ்கூல் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் கால் வைத்தபடியே அவர் உட்கார்ந்திருப்பதால், கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவருக்கு பிரேக் மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் அவருக்கு அப்படி ஒரு பிரேக் கிடையாது. அங்கே ஸ்டியரிங், கியர், ஹாரன் மூன்றும் மனைவியின் கையில். கல்யாணமான நாளிலிருந்து அவர் பின்சீட்டில் பயணம் செய்துகொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு தீர்மானத்தை வெளியிட்டார். வீட்டுக்கு அடியில் சும்மா கிடக்கிற பேஸ்மென்டை ஹோம் தியேட்டர் ஆக்கப்போகிறார். ஆள் வைக்காமல், தன் கையாலேயே.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலையே படித்துவிடுகிறவளுக்குப் புருஷன் முகம் கொட்டை எழுத்து.

"மேல இருக்கிற டிவிக்கு என்ன வந்தது?"

"சின்னதா இருக்கு."

"வாங்கினப்ப ரொம்பப் பெரிசுன்னீங்க."

"அப்போ பெரிசாத்தான் இருந்தது."

அந்தப் பதிலை அவள் வாயில் இருந்ததோடு சேர்த்து மெதுவாக மென்றாள். பிறகு, "சரி, பண்ணுங்க" என்றாள். மூன்று நாளாக அவர் தயார் செய்து வைத்திருந்த வாதங்கள் அத்தனையும் வீணாகிவிட்டன. ஜெயித்தும் அவருக்கு என்னவோ தோற்ற மாதிரி இருந்தது.

உண்மையைச் சொல்லவேண்டும். டிவி சின்னதாகவில்லை. அவர் கண்தான் மங்கிக்கொண்டு வந்தது. எதிரே வருகிற வண்டியின் விளக்கு பூசணிக்காய் அளவுக்கு விரிந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு முகம் போய்க் குரல் மட்டும் மிச்சமிருந்தது. போன வாரம் நல்ல பகலில், தெருவில் நாய் குறுக்கே வருகிறதென்று பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டார். ஓட்டிக்கொண்டிருந்த பெண் பதறிப்போய் எதற்கு என்று கேட்டாள். நாய் என்றார். அதற்குள் அந்த நாய் காற்றில் எழும்பி, பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் பையாகப் படபடத்தது. அந்தப் பெண் மரியாதை தெரிந்தவள், கியரைப் போட்டு மேலே ஓட்டினாள். அவர்தான் அன்று முழுவதும் எதிர்ப்பட்ட ஒவ்வொரு நாயையும் இரண்டு தடவை உற்றுப் பார்த்தார்.

இது வெளியே தெரிந்தால் டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு நாற்காலி போடுவார்கள், கார் கொடுக்க மாட்டார்கள். அவர் சொல் எடுபடுகிற ஒரே இடமும் போய்விடும். மனைவிக்குத் தெரிந்தால் இன்னும் மோசம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிடுவாள். ஆகவே அவர் கண்டுபிடித்த வைத்தியம் இதுதான்: கண் பெரிசாகாது, திரையாவது பெரிசாகட்டும். நோய்க்கு மருந்து கொடுக்காமல் வீட்டை இடித்துக் கட்டுகிற ஆட்கள் உலகத்தில் அபூர்வம். அவர்களில் ஒருவர் நம்முடைய மாஸ்டர்.

வேலை ஆரம்பமானது. 'என்றைக்காவது உதவும்' என்று அவர் சேர்த்து வைத்திருந்த பழைய டயர், இறக்கை இல்லாத ஃபேன், கால் ஒடிந்த நாற்காலி எல்லாம் பேஸ்மென்டை அடைத்துக்கொண்டிருந்தன. மனைவி வருஷக்கணக்காகக் கெஞ்சியும் நகராத அந்தச் சாமான்களை அவரே சுமந்து வெளியேற்றினார். அவள் படியில் நின்றபடி, "பார்த்து, இடுப்பு பிடிச்சுக்கப்போகுது" என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்திருக்கும், தெரிகிற கண் இருந்திருந்தால்.

துணைக்குப் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் வந்தார். ஒயர் வேலை அவருடையது, மற்றதெல்லாம் மாஸ்டருடையது என்று ஒப்பந்தம். மாஸ்டர் நாலு சுவரிலும் சத்தத்தை விழுங்கும் பஞ்சுப் பலகைகளை அடித்தார். கதவின் இடுக்குகளில் ரப்பர் ஒட்டினார். கொசு நுழையக்கூட வழியில்லாமல் அடைத்த பிறகுதான் மனிதன் மூச்சு விடவும் வழியில்லை என்பது எலக்ட்ரீஷியனுக்கு உறைத்தது. கூரையிலிருந்து வெளியே ஒரு காற்றுக் குழாய் போகவேண்டும், அதில் ஃபேன் வைக்கவேண்டும் என்றார். ஃபேன் சத்தம் படத்தைக் கெடுக்கும் என்று மாஸ்டர் மறுத்தார். குழாயை மட்டும் தானே பொருத்தினார். கூரையைத் துளைத்து மேலே ஏற்றிக்கொண்டு போனதில், வெளிச்சுவர் வரைக்கும் குழாய் எட்டவில்லை. சமையலறையில், அடுப்புக்கு மேலே இருக்கிற அலமாரித் தட்டின் பின்புறத்தோடு நின்றுபோனது. எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். "காத்துக்குப் போக வழி இருந்தாப் போதும்பா. அது எந்த ரூமுக்குப் போனா நமக்கென்ன?" என்று மாஸ்டர் அந்த விவகாரத்தை முடித்துவிட்டார்.

பிறகு சோதனை நடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்தினார். மேலே ஏறிப் போனார். மனைவி அடுப்பருகே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது கேட்டுதா?"

"இல்லையே. கூப்பிட்டீங்களா?"

மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வீட்டில் முதல் தடவையாக, வாயைத் திறந்து மனசில் இருப்பதைப் பேசினாலும் வம்பில்லாத ஓர் இடம் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அவர் பேச ஆரம்பித்தார். ஆணி அடிக்கும்போது பேசினார், பெயின்ட் அடிக்கும்போது பேசினார். மச்சினன் வந்தால் பத்து நாள் டேரா போடுவது, மனைவி வாங்கித் தரும் சட்டைகளின் நிறம், எல்லாம் வெளியே வந்தன. ஒரு வாரத்தில், வருவதாக இருந்த மச்சினன் வரவில்லை என்று செய்தி வந்தது. சட்டையும் சாதாரண நீலத்தில் வந்தது. நேரம் நன்றாக இருக்கிறது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம், திரையை மாட்டும் வேலை. எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றுகொண்டு, இடது ஓரம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். மாஸ்டர் திரையைக் கையால் தடவிப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் திரும்பக் கேட்டார். மாஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஓரம் எங்கேப்பா இருக்கு? எனக்குத் தெரியல."

அதற்கப்புறம் மடை திறந்துகொண்டது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது, கண் பரிசோதனை வரிசையில் முன்னால் நின்றவர்கள் படித்த எழுத்துகளை மனப்பாடம் செய்து ஒப்பித்துத் தப்பித்ததைச் சொன்னார். நாய் பறந்த கதையைச் சொன்னார். எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து இறங்கி வந்து, டாக்டரிடம் காட்டவில்லையா என்று கேட்டார்.

"பயமா இருக்குப்பா. போய், இனிமே தெரியவே தெரியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா? அவ முகம்கூட இப்பல்லாம் பக்கத்துல வந்தாத்தான் தெரியுது. அவகிட்ட எப்படிச் சொல்றது?"

மேலே எங்கேயோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. துல்லியமாகக் கேட்டது. எலக்ட்ரீஷியன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். "மாஸ்டர், அந்தக் குழாய்..." என்று ஆரம்பித்தார். காற்று நன்றாகத்தான் வருகிறது என்று மாஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் மனைவியின் கண் சிவந்திருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் பேச்சு தேனாக இருந்தது. தியேட்டர் வேலையை இழுத்துக்கொண்டே போகாமல், டிரைவிங் ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு ஒரே மூச்சில் முடிக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்துப் புதன்கிழமைக்கு முன்னால் முதல் படம் போட்டுவிடவேண்டும், அவளுக்கே ஆசையாக இருக்கிறதாம். தங்கள் காரைச் சும்மா நிறுத்துவானேன் என்று அதையும் சர்வீஸுக்கு அனுப்பினாள். மனைவிக்குத் தன் திட்டத்தில் இவ்வளவு ஈடுபாடு வரும் என்று மாஸ்டர் கனவிலும் நினைக்கவில்லை. லீவு போட்டார். அன்றிலிருந்து அவர் கால் எந்த வண்டியின் பிரேக்கிலும் படவில்லை என்பதை அவர் கவனிக்கவும் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் தியேட்டர் திறப்பு விழா. எலக்ட்ரீஷியனும் அவர் மனைவியும் வந்தார்கள். படத்தைத் தேர்ந்தெடுத்தது வீட்டுக்காரி. ஏதோ அயல்நாட்டுப் படம், பேச்சு புரியாது, அடியில் தமிழில் எழுத்து ஓடும். விளக்கை அணைத்ததும் அவள், "ஐயோ, கண்ணாடியை மேலயே வெச்சுட்டேனே. கீழ ஓடறதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

சுவர் அளவு திரை. அதன் அடியில் வெள்ளையாக ஒரு புகை ஊர்ந்துகொண்டிருந்தது. மாஸ்டருக்கு வியர்த்தது. எலக்ட்ரீஷியன் இருமினார். இருமலில் எழுத்து இல்லை.

ஒரு பெண் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. "'ஏன் இவ்வளவு லேட்டு?'" என்று படித்தார் மாஸ்டர்.

யாரும் மறுக்கவில்லை. தைரியம் வந்தது. திரையில் பளாரென்று ஒரு சத்தம் கேட்டது. "'உன் கன்னத்துல கொசு'" என்றார்.

எலக்ட்ரீஷியனின் மனைவி சிரித்துவிட்டு, யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அடுத்தது, கறுப்பு உடையில் நாலைந்து பேர் பெரிதாக எதையோ தோளில் சுமந்து வந்தார்கள். பின்னால் கூட்டம். மாஸ்டர் கண்ணை இடுக்கிக்கொண்டு முடிந்தவரை முயன்றார்.

"'இந்த பீரோவை எங்க வைக்கிறது?'"

அது சவப்பெட்டி. பஞ்சுப் பலகைகளுக்கு விழுங்க ஒன்றும் மிச்சமில்லை. மனைவி படத்தை நிறுத்தினாள்.

"இப்ப என்ன எழுதியிருக்குன்னு நான் படிக்கிறேன்" என்றாள். கிட்டத்தில் படிக்கத்தான் அவளுக்குக் கண்ணாடி வேண்டும், தூரத்துக்கு வேண்டாம் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "'பயமா இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.'"

எலக்ட்ரீஷியன் தம்பதி செருப்பைத் தேடிக்கொண்டு மெல்ல நழுவினார்கள். மனைவியும் எழுந்து படியேறிப் போய்விட்டாள். மாஸ்டர் இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். வெட்கமாக இருந்தது. அதைவிட, இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பது ஆறுதலாகவும் இருந்தது. அப்போது கூரையிலிருந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல, அவள் குரல் இறங்கி வந்தது.

"புதன்கிழமை காலையில கண் டாக்டர். நானும் கூட வர்றேன். பயப்படாதீங்க."

மாஸ்டர் அண்ணாந்து குழாயைப் பார்த்தார். மச்சினன் வராமல் போனது, நீலச் சட்டை, உருண்ட பாத்திரம் எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்குப் புரிந்தன. "சரி" என்றார், குழாயைப் பார்த்தே. கண் கலங்கியிருந்தது. அதனாலும் ஒன்றும் தெரியவில்லை.

அது கண்புரைதான். ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் செய்தார்கள். கட்டு அவிழ்த்தபோது முதலில் தெரிந்தது மனைவியின் முகம். அவள் நெற்றியோரம் நரைத்திருப்பதை அவர் அன்றுதான் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அவள், "என்ன, புதுசாப் பார்க்கிற மாதிரி?" என்றாள். ஆமாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைத் தனியாகப் போட்டு, அவள் நிறுத்திய இடத்தைத் தேடினார். திரையில் ஓடிய எழுத்து, 'குடையை மறக்காதே' என்று இருந்தது.

டாக்டர் அனுமதி கொடுத்ததும் டிரைவிங் ஸ்கூலுக்குத் திரும்பினார். இப்போது பை பையாகத் தெரிந்தது, நாய் நாயாகத் தெரிந்தது. முதல் நாள் வேலை முடித்து, இத்தனை பாடுபட்டுக் கட்டிய தியேட்டரில் கால் நீட்டிப் படம் பார்க்கும் ஆசையோடு வீட்டுக்கு வந்தார். பேஸ்மென்ட் கதவு சாத்தியிருந்தது. திறந்தால், எலக்ட்ரீஷியனின் மனைவியும் மருந்துக்கடைப் பெண்களும் வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள். நடுநாற்காலியில் வீட்டுக்காரி, கையில் ரிமோட்.

"இடம் இல்லீங்களே" என்றாள். "உங்களுக்குத்தான் இப்போ நல்லாத் தெரியுதே. மேல இருக்கிற டிவி போதாதா?"

மேலே போய்ப் பார்த்தார். டிவி உண்மையிலேயே ரொம்பப் பெரிசாகத்தான் இருந்தது. அதை மறுத்துப் பேச அவரிடம் ஒரு காரணமும் இல்லை. ஆனால் பின்சீட்டுக்காரனுக்கும் ஒரு நாள் வரும். சமையலறைக்குள் பூனை நடை நடந்து போனார். கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாமல் இன்று தானும் நாலு விஷயம் தெரிந்துகொள்வது என்று மூச்சை அடக்கிக்கொண்டு, குழாயில் காதை வைத்தார்.

கீழே சிரிப்பு நின்றது. குரல் தெளிவாக ஏறி வந்தது.

"என்னங்க, குழாய்கிட்டதானே நிக்கிறீங்க? அடுப்புல டீ கொதிக்குது, பாருங்க. எல்லாருக்கும் ஊத்தி எடுத்துட்டு வாங்க. படிதான் இப்போ நல்லாத் தெரியுமே."