டிராகன் ரயிலில் ஆல்ட்டர் அண்ணன்

பிரம்மா இந்த உலகத்தைப் படைத்து முடித்ததும் ஒரே ஒரு முறை ஆல்ட்டர் அண்ணனின் மேஜைக்கு அனுப்பியிருந்தால், பாதிக்கு மேல் திரும்பிப் போயிருக்கும். மலையெல்லாம் ஏற்ற இறக்கம், கடற்கரை நேராக இல்லை, நிலாவில் கறை. கூட்டிச் சொல்வதாக நினைக்காதீர்கள். நான்கு வருடம் அவரோடு குப்பை கொட்டியவன் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மங்கலம் ரோட்டில் இருந்த ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஃபைனல் செக்கிங். தைத்து வந்த பனியனில் குறை இருந்தால் திருத்தச் சொல்லித் தைத்தவரிடமே திருப்பி அனுப்புவார்கள். அதற்குக் கம்பெனியில் ‘ஆல்ட்டர்’ என்று பெயர். நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே அவருக்கு அது பெயராகிவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது, அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

அவர் சரி என்று சொல்லாமல் ஒரு பீஸ்கூட என் அட்டைப்பெட்டிக்குள் போகாது. முதலாளியே வந்து “பரவாயில்ல, விடுங்க” என்றாலும் விடமாட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது எங்கள் கம்பெனிக்காகவே சொல்லி வைத்தது. லாரி வாசலில் நிற்கும். டிரைவர் ஹாரன் அடிப்பார். நான் அவர் மேஜை முன்னால் நின்று கெஞ்சுவேன்.

“அண்ணா, ஒரு அரை இஞ்ச்சுதானுங்களே, வெள்ளைக்காரன் என்ன அளந்தா பாக்கப் போறான்?”

“அவன் பாக்க மாட்டானுங்க தம்பி. நான் பாத்துட்டனே.”

நான் பீஸைத் தூக்கிக்கொண்டு தைத்தவரிடம் ஓடுவேன்.

கழுத்தில் எப்போதும் இன்ச் டேப் தொங்கும். சட்டைப் பையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள், விரல் நகம் அளவில், தாள் தாளாக இருக்கும். குறை எங்கே என்று காட்ட பனியனில் ஒட்டுவது அது. பனியனோடு நின்றிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். கட்டிங் மாஸ்டர் மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். போட்டோ கழுவி வந்தபோதுதான் தெரிந்தது, மாப்பிள்ளையின் கோட்டுக் காலருக்குப் பின்னால் சிவப்பு அம்பு. காலர் ஒரு பக்கம் தூக்கியிருந்ததாம். தாலி கட்டுகிற படத்தில் அது பளிச்சென்று விழுந்திருந்தது.

இன்னொரு முறை, கம்பெனி வாசலில் வைக்கப் பிள்ளையார் சிலை வாங்க முதலாளி எங்கள் இருவரையும் திருமுருகன்பூண்டிக்கு அனுப்பினார். சிற்பி கன்னத்தில் போட்டுக்கொண்டு சிலையை மூடியிருந்த துணியை விலக்கினார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இவர் இன்ச் டேப்பை எடுத்தார்.

“இடது காது கால் இஞ்ச் கூட வருதுங்க.”

“சாமி, இது கல்லுங்க. உங்க பனியன் இல்லீங்க” என்றார் சிற்பி, உளியைக் கீழே வைக்காமலே.

நான் அண்ணனை இழுத்துக்கொண்டு டெம்போவில் ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் கழித்து சிற்பியே கம்பெனிக்குப் போன் செய்தார். அளந்து பார்த்தாராம். கால் இஞ்ச் கூடத்தானாம். ஆல்ட்டர் அண்ணனிடம் உள்ள பெரிய தொல்லையே இதுதான்.

அவர் மனைவி மல்லிகா அக்காவும் எங்கள் கம்பெனியில்தான் தைத்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி என்று சலுகை காட்டுகிறார் என யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, அக்கா தைத்த பீஸை மட்டும் இரண்டு தடவை பார்ப்பார். கம்பெனியிலேயே அதிகமாக ஆல்ட்டர் வாங்கியது அந்த அக்காதான். ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிப் பிரித்துத் திரும்பத் தைப்பார்.

ஆயுத பூஜை முடிந்ததும் கம்பெனியில் ஒரு நாள் டூர் அழைத்துப் போவது வழக்கம். அந்த வருடம் கோவைக்கு அந்தப் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா புதிதாகத் திறந்திருந்தார்கள். அதில் அந்த வாரம்தான் ‘டிராகன் ரயில்’ ஓட ஆரம்பித்திருந்தது. குடும்பத்தோடு ஏறலாம் என்று பேப்பரில் போட்டிருந்தான். டூருக்கு நான்தான் பொறுப்பு. ஒரு பஸ்ஸில் ஐம்பத்தாறு பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

அவிநாசி தாண்டியதும் மல்லிகா அக்கா என் பக்கத்து சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, கண்ணாலம் ஆகிப் பதினோரு வருசமாச்சுங்க. அவரோட ஒரு எடத்துக்கும் போனதில்ல. ஒருக்கா சினிமாக்குப் போனோம். ஸ்கிரீன்ல சுருக்கம் இருக்குதுன்னு இண்டர்வெல்லுக்கு முன்னாலயே வெளிய கூட்டிட்டு வந்துட்டாரு. இன்னைக்கு அந்த ரயில்ல அவரு பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு சுத்து போகோணுமுங்க. எப்படியாச்சும் ஏத்தி உட்ருங்க.”

பதினோரு வருடத்தில் அவர் கேட்ட ஒரே ஆசை. நான் தலையாட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் அண்ணன் சட்டைப் பையில் இருந்த அம்புகள் ஞாபகம் வந்தன.

டிராகன் ரயில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முன்னால் வாயைப் பிளந்த தலை, பின்னால் ஒன்பது பெட்டிகள், பெட்டிக்கு இரண்டு பேர். இருட்டுக் குகைக்குள் போய், ஒரு மேட்டில் ஏறி, தடாலென்று தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கும். எங்களுக்கு முந்தின சுற்றில் போய்விட்டு ஈர வேட்டியோடு இறங்கி வந்த ஒரு பெரியவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கோணும் கண்ணு. குகைக்குள்ள போறப்ப மூடுன கண்ண இப்பத்தான் தொறக்கறேன்” என்றார்.

எங்கள் ஆட்களில் ஒருவரும் நகரவில்லை. எல்லோரும் ஆல்ட்டர் அண்ணனையே பார்த்தார்கள். கம்பெனிப் பழக்கம். அவர் சரி சொல்லாமல் எதுவும் நகராதே! திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து ஓவர்லாக் மிஷினில் தைக்கும் முத்துலட்சுமி மட்டும் சலித்துக்கொண்டாள். “ஏ யண்ணே, எங்க ஊர்க் கோயில் கொடையில ராட்டினத்துல ஏற எவம்ட்டயும் கேக்க மாட்டோம். இதுக்குமா செக்கிங்கு?”

அவர் காதில் வாங்கவில்லை. ரயிலை ஒரு சுற்று சுற்றி வந்தார். டிராகனின் இடது கண்ணுக்குக் கீழே பெயிண்ட் வழிந்திருந்தது. ஒரு அம்பு. ஐந்தாம் பெட்டி நம்பர் கோணலாக இருந்தது. இன்னொரு அம்பு. மூன்றாவது அம்பை ஒட்டுவதற்குள் நான் அவரைக் கையைப் பிடித்து அதே ஐந்தாம் பெட்டியில் உட்காரவைத்தேன். பக்கத்தில் மல்லிகா அக்கா உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பின்பெட்டியில் நான் ஏறிக்கொண்டேன். ரயில் ஓட்டும் பையன் விசில் எடுத்தான்.

அப்போதுதான் சீட்டு ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்ததை அண்ணன் பார்த்தார்.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவரிடம் எப்போதும் நூல் வெட்டும் கத்தரி இருக்கும், அதை அன்றைக்குப் பூங்கா வாசலில் வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால் விரலில் சுற்றி இழுத்தார். அது சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சிமெண்ட் மூட்டை வாய் பிரிகிற மாதிரி மொத்தமும் பிரிந்துவிடும். முப்பது வருடம் தையலைப் பார்த்த மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கை முந்திக்கொண்டது. சர்ரென்று ஒரு சத்தம். ரெக்சின் உறை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை வாயைப் பிளந்தது, உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் வெளியே வந்தது.

“அண்ணா! என்னங்கண்ணா பண்றீங்க?” என்று பையன் ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் சூப்பர்வைசர். மடிமேல் பூட்டுகிற இரும்புக் கம்பியெல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் கிழிந்த சீட்டோடு ஓட்ட முடியாது என்றார். தையல்காரர் நாளைக்குத்தான் வருவாராம். பின்னால் வரிசையில் நின்ற ஜனங்கள் எங்களைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஐந்து மணிக்கு எங்கள் பஸ் கிளம்ப வேண்டும்.

ஆல்ட்டர் அண்ணன் கையில் நூல் கற்றையோடு நின்றார். மல்லிகா அக்கா எழுந்தார். நான் கேட்டிராத குரலில் பேசினார்.

“ஏனுங்க, உங்க கைக்கு ஒரு நிமிசம் சும்மா இருக்கத் தெரியாதுங்களா? பதினோரு வருசமா நான் தைக்கறதையெல்லாம் திருப்பி உட்டீங்க. ஒரு வார்த்தை கேட்டனுங்களா? இன்னைக்கு உங்க பக்கத்துல உக்காந்து ஒரு சுத்து போகோணும்னு ஆசப்பட்டேன். அதையும் பிரிச்சுப் போட்டுட்டீங்களே!”

நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

அக்கா கையை நீட்டினார். “அந்த நூலக் குடுங்க. ஊசியும் குடுங்க.”

தையல் கம்பெனிக்காரர்கள் பலரைப் போல அண்ணனும் காலருக்கு அடியில் ஒரு ஊசி செருகி வைத்திருப்பார். எடுத்துக் கொடுத்தார். ஊசியைத் தள்ளக் கெட்டியாக எதையாவது கேட்டார் அக்கா. அண்ணன் கழுத்து இன்ச் டேப்பைக் கழற்றி அதன் தகர முனையைக் கொடுத்தார். அக்கா பெட்டிக்குள் மண்டியிட்டு, பழைய ஓட்டைகள் வழியாகவே, அதே நூலால் கெட்டித் தையல் போட ஆரம்பித்தார். திட்டிக்கொண்டிருந்த ஜனங்கள் மெல்லக் கிட்டே வந்து வேடிக்கை பார்த்தார்கள். அண்ணன் ஸ்பாஞ்சை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தார் அக்கா. சூப்பர்வைசர் கம்பியை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, “நாங்க பாத்தாச்சுங்க. உங்காளு பாக்கறாரா?” என்றார் சிரித்தபடி.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா புருஷனை நிமிர்ந்து பார்த்தார்.

“பாருங்க. ஆல்ட்டரா?”

அண்ணன் குனிந்தார். கட்டைவிரலைத் தையல் மேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். மூலைக்குப் பக்கத்தில் ஒரு தையல் கோணலாக இருந்தது. பின்பெட்டியில் இருந்த எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமல் இருக்குமா? விரல் அந்த இடத்தில் நின்றது. “ஐயா சாமி, இன்னைக்கு ஒரு நாள் விட்டுவிடு” என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

அவர் விரலை எடுத்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அந்தக் கோணல் தையல் மேலேயே உட்கார்ந்தார்.

“வா அம்மிணி, உக்காரு. நேரமாகுதல்ல?”

பையன் விசில் ஊதினான். ரயில் குகைக்குள் போய், மேட்டில் ஏறி, தொட்டிக்குள் பாய்ந்தது. முன்னால் மல்லிகா அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அக்காவின் சிரிப்புச் சத்தத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இறங்கியதும் எல்லோரும் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். வேகம் எப்படி, குகை எப்படி, தண்ணீர் எப்படி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவியைத் தேடினார். அக்கா தூரத்தில் முத்துலட்சுமியிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ விவரித்துக்கொண்டிருந்தார்.

நான் அவரை ஓரமாக இழுத்துக் கேட்டேன். “சொல்லுங்கண்ணா, ரயிலு எப்படி இருந்துச்சு?”

“ரயிலா?” என்றார். “நான் அதைப் பாக்கலீங்க தம்பி. இவ மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன்.”

சொல்லிவிட்டு, இன்னொரு சுற்றுக்கு வரிசையில் போய் நின்றார். என்னைப் படாத பாடு படுத்திய மனிதர்தான். ஆனாலும் அந்த ஈரத் தலையோடு, இரண்டு பேருக்கு இடம் பிடித்துக்கொண்டு அவர் நின்றதைப் பார்த்தபோது, அவர்மேல் எனக்கு இருந்தது கோபமே இல்லை, பிரியம்தான் என்று தெரிந்துபோயிற்று.