செல்லுக்குச் சாறு

மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். முழங்காலைப் பிடித்தபடி சிலர், இடுப்பைப் பிடித்தபடி சிலர். அறிவை மட்டும் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தார்கள்.

முதல் வரிசையில் தையல்காரர். விரல் மூட்டெல்லாம் வீங்கி, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் தவிக்கும் மனிதர். தைக்காவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது. அந்தப் பயத்தில்தான் டாக்டர் கொடுத்த மாத்திரையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நேற்றும் வந்தார், இன்றும் வந்துவிட்டார். பக்கத்தில் மனைவி, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு.

மேடையேறினார் 'சாறுச் செம்மல்'. பட்டத்தை அவருக்குக் கொடுத்தவர் அவரேதான்.

"உங்க வலியெல்லாம் எங்க இருக்கு? செல்லுல! ஒவ்வொரு செல்லும் உள்ளுக்குள்ள எரியுது!"

பின்வரிசைக்காரர் ஒருவர் பதறிப்போய்ச் சட்டைப்பையிலிருந்த கைபேசியைத் தொட்டுப் பார்த்தார். "ஆமாய்யா, சூடாத்தான் இருக்கு!"

செம்மல் மறுக்கவில்லை. வியாபாரம் நடக்கும்போது யாராவது பாடம் எடுப்பார்களா?

"ஆய்வுக்கூடத்துல, தட்டுல வளர்த்த செல்லு மேல நம்ம காட்டுப்பழச் சாறை ஊத்தினாங்க. வீக்கம் போயிடுச்சு! இப்ப உங்க கண்ணு முன்னாடியே காட்டுறேன்."

குவளைத் தண்ணீரில் ஏதோ மருந்தைச் சொட்டினார். தண்ணீர் பழுப்பாக மாறியது. "இதுதான் உங்க உடம்புல இருக்கிற நஞ்சு!" சாற்றை ஊற்றிக் கலக்கினார். தண்ணீர் பளிங்காகத் தெளிந்தது. கைதட்டலில் கூரை பிய்த்துக்கொண்டு போகாததுதான் உண்மையான அதிசயம்.

தையல்காரர் கண்கலங்கி எழுந்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டு, தானே மேடையேறி மருந்துப் புட்டியை முகர்ந்தாள். நேற்று கணவரோடு வந்தபோதே அவள் மூக்கில் ஏறிய வாடை அது. இன்று வெறுங்கையோடு வரவில்லை.

"இது டிஞ்சர்தானே? இவர் விரல்ல ஊசி குத்துறப்ப எல்லாம் நான்தானே போட்டுவிடுறேன்!"

"இருக்கட்டுமே, அதுக்கென்னம்மா இப்ப?"

"ஒண்ணுமில்லீங்க." இன்னொரு குவளைத் தண்ணீரில் அதே டிஞ்சரைச் சொட்டினாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அதில் ஊற்றினாள். இந்தத் தண்ணீரும் தெளிந்தது. "பாருங்க, இதுவும் நஞ்சை எடுத்துடுச்சு. வெள்ளைத் துணி வெளுக்கிற பிளீச்சுங்க. இதையும் குடிக்கச் சொல்லி விப்பீங்களா?"

பிளீச் படாமலே செம்மலின் முகம் வெளுத்தது. "அது... அது வேறம்மா. தட்டுல இருந்த செல்லு..."

"தட்டுல இருந்த செல்லுக்குக் குணமானா ரொம்ப சந்தோஷம். எங்க வீட்டுக்காரரு தட்டுல வளரல. தட்டுல போட்டதைத் தின்னு வளர்ந்தவரு!"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கி, சாற்றுக்கு முன்பணமாகக் கொடுத்த காசைக் கேட்கக் கூட்டம் எழுந்தபோது, மேடையில் சாறு இருந்தது. செம்மல் இல்லை.

வீடு திரும்பும் வழியில் தையல்காரர் மெல்லக் கேட்டார். "அப்ப பழம் கெட்டதா?"

"பழம் நல்லதுதான். உரிச்சுத் தின்னுங்க. மாத்திரையையும் முழுங்குங்க."

உடம்பிலுள்ள செல்லைக் காப்பாற்றப் புட்டி தேடி ஓடும் மகாஜனங்களே, மூளையைச் செல் அரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்துப் புழங்காத பொருளைத்தான் செல் முதலில் அரிக்கும்.