காதர் பாய் வராததால் நீண்டுபோன புரதம்

எழுபதுகளில் சிங்கப்பூரின் செம்பவாங்கில் நான் வேலை பார்த்த கப்பல் பட்டறையில் எல்லாரும்தான் சோறு தின்றோம். தின்ற சோறு உள்ளே போய் என்ன பாடுபடுகிறது என்று கவலைப்பட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான்: எங்கள் புரோட்டீன் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும்.

ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. பாதியில் விட்ட படிப்பை மாலை வகுப்பில் பிடித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் தேர்வை எழுதினார். உயிரியலில் இரண்டு முறை கோட்டைவிட்டார். இரண்டு முறையும் காலை வாரியது ஒரே பாடம்: செல் எப்படிப் புரதம் செய்கிறது என்பது.

"இந்தத் தடவையும் போச்சுன்னா, புத்தகத்தையெல்லாம் காராங் குனிக்காரன் வண்டியில ஏத்திடுவேன்" என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். பழைய பேப்பர் வண்டிக்குப் பயந்தோ என்னவோ, ஒருநாள் அவருக்குப் பாடம் திடீரென்று புரிந்துவிட்டது. எங்களுக்குச் சனியன் பிடித்தது.

"மாணிக்கம், நீ தின்ன மீன் அப்படியே உன் உடம்புல ஒட்டிக்குதுன்னு நினைக்கிறியா?" என்பார், கவளம் வாய்க்குப் போகும் நேரத்தில். "மணி மணியாப் பிரிச்சு, வேற வரிசையில திரும்பக் கோக்குறாங்கப்பா!"

"யாருண்ணே கோக்குறா?"

"உனக்குள்ளதான்லா!"

கிரேன் ஓட்டும் குண்டு மாணிக்கம் அன்று பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டான்.

தேர்வுக்கு முந்தைய வாரம் சமூக நிலையத்தில் தீபாவளிக் கலைநிகழ்ச்சி. "ஆடிப் பாத்தா மறக்காது" என்று சொல்லி, புரதம் செய்வதையே நாடகமாகப் போட அண்ணன் அனுமதி வாங்கிவிட்டார். குண்டு மாணிக்கமும் ஒல்லி வெல்டர் ஜோசப்பும் சேர்ந்து ரைபோசோம், அதாவது கோக்கும் பட்டறை. செல்லின் நடுவிலிருக்கும் டி.என்.ஏ.விலிருந்து நகலெடுத்த கட்டளை, எழுத்துகள் தீட்டிய நீளத் துணியாக அவர்களுக்கு நடுவே நகரும். மூன்று மூன்று எழுத்தாக வாசிக்க வேண்டும். ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு அமினோ அமிலத்தை, அதாவது கலர் தொப்பி போட்ட ஒரு ஆளை, சுமைக்காரர்கள் கொண்டுவந்து வரிசையில் சேர்ப்பார்கள்.

அந்த அமினோ அமிலங்களில் நான் மெத்தியோனைன். "தம்பி, வரிசையே உங்கிட்டதான் ஆரம்பம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆனா வேலை முடிஞ்சதும் பெரும்பாலும் உன்னை வெட்டி எறிஞ்சிடுவாங்க."

கடைசியில் 'நிறுத்து' என்ற சொல் வரும். அதற்கு ஆள் கிடையாது. கேன்டீன் காதர் பாய் கத்தரிக்கோலோடு வந்து வரிசையைப் பட்டறையிலிருந்து விடுவிக்க வேண்டும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. 'நிறுத்து' வந்தது. காதர் பாய் வரவில்லை. மனிதர் வெளியே உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் தின்றுகொண்டிருந்தார். மாணிக்கமோ, வெட்டும்வரை விடாதே என்ற அண்ணன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் துணியை இழுத்துக்கொண்டே இருந்தான். தொப்பிக்காரர்கள் தீர்ந்துபோகவே, சுமைக்காரர்கள் பார்வையாளர்கள் பக்கம் பாய்ந்தார்கள். முதலில் சிக்கியவர் நிகழ்ச்சித் தலைவர். அடுத்து, பூப்பந்து மட்டையோடு எட்டிப் பார்த்த ஒரு சீன அங்கிள்.

"அலாமாக்! நோ, நோ, ஐ ப்ளே பேட்மின்டன்லா!"

வரிசை மேடையை விட்டிறங்கி, வாசலைத் தாண்டி, கார் நிறுத்துமிடம் வரை போனது. அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார் என்று பார்த்தால், நாற்காலி மேல் ஏறி நின்று குதிக்கிறார். "பாருங்க, பாருங்க! நிறுத்து வந்தும் நிறுத்த ஆள் வரலைன்னா இப்படித்தான் வேண்டாததெல்லாம் சேரும்!"

வாயில் கறிபாப்போடு ஓடிவந்த காதர் பாய் ஒரு வெட்டு வெட்டினார். அடுத்தது புரதம் தன் வடிவத்துக்கு மடிய வேண்டிய கட்டம். யார் எப்படி மடிவதென்று தெரியாமல் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். கூட்டம் கைதட்டித் தீர்த்தது. முன்வரிசையில் அண்ணன் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தேர்வில் அதே பாடத்திலிருந்து கேள்வி வந்ததாம். "மாணிக்கம் மூஞ்சி, ஜோசப் மூஞ்சி, எல்லாம் வரிசையா வந்துச்சுடா" என்றார். பாஸ். சில மாதங்களில் ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்து, எங்களுக்கெல்லாம் சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டோம். மதிய இடைவேளை அவ்வளவு நீளமானது என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.